நொதி வினைவேக வரைபடம் ஏன் நேர்கோடாக வந்தது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஈஸ்ட் கலவையோடு ஐந்து வெவ்வேறு செறிவுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்து, வெளிவந்த ஆக்சிஜனை நீரில் கவிழ்த்து வைத்த அளவுசாடியில் மூன்று நிமிடம் சேகரித்திருக்கிறீர்கள். கடைசியில் சாடியில் இருந்த வாயுவின் கனஅளவை 180 விநாடியால் வகுத்து, அதை வேகம் என்று எடுத்துக்கொண்டு, பெராக்சைடு செறிவுக்கு எதிரே வரைந்திருக்கிறீர்கள். பாடநூலில் கோடு முதலில் ஏறிப் பிறகு வளைந்து படுக்கிறது. உங்களுக்கு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேர்கோடு வந்திருக்கிறது. எங்கே தவறு, புள்ளிகளை எப்படி இணைப்பது, இதிலிருந்து கே-எம் (Km, உச்ச வேகத்தில் பாதி கிடைக்கும் செறிவு) மதிப்பை எடுக்க முடியுமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் கேள்வி ஒன்றுதான்: சாடியில் படித்த எண்களிலிருந்து வேகம் என்ற எண்ணை எப்படி எடுப்பது? அது சரியாக வந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் விடை எளிது.

இந்தச் சோதனையில் இரண்டு வகை வரைபடங்கள் உண்டு. முதலாவதில் கிடை அச்சில் நேரம், குத்து அச்சில் சேர்ந்த ஆக்சிஜன். ஒவ்வொரு செறிவுக்கும் தனித்தனியாக ஒரு கோடு. ஐந்து செறிவென்றால் ஐந்து கோடுகள். இரண்டாவதில் கிடை அச்சில் பெராக்சைடு செறிவு, குத்து அச்சில் வினையின் வேகம். ஒவ்வொரு செறிவுக்கும் ஒரே ஒரு புள்ளி. இரண்டாம் வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் முதல் வரைபடத்தின் ஒரு கோட்டிலிருந்து எடுக்கப்பட்ட சாய்வு. நீங்கள் முதல் வரைபடத்தை வரையாமலே இரண்டாவதற்குத் தாவிவிட்டீர்கள். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் விளங்கும். கீழே வருபவை விளக்கத்துக்காக நான் கணக்கிட்டு அமைத்த எண்கள். உங்கள் அளவீடு இவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. 1.5 சதவீத பெராக்சைடு 5 மி.லி., ஈஸ்ட் கலவை 5 மி.லி. 10 விநாடியில் 3.9 மி.லி., 20 விநாடியில் 7.7, 30 விநாடியில் 11.1, 60 விநாடியில் 20, 90 விநாடியில் 24.9, 120 விநாடியில் 26.5, 180 விநாடியில் 27 மி.லி. ஆக்சிஜன் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 10 விநாடியில் ஏறக்குறைய 4 மி.லி.; கடைசி 60 விநாடியில் அரை மி.லி. மட்டும். இதில் ‘வேகம்’ எது? நேரம் ஓட ஓட அது மாறிக்கொண்டே இருக்கிறது. 27-ஐ 180-ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.15 மி.லி. வரும். தொடக்கச் சாய்வோ விநாடிக்கு 0.40 மி.லி. முதல் எண்ணில், நொதி வேலை செய்த நேரமும், வேலை செய்யப் பெராக்சைடே இல்லாமல் சும்மா இருந்த நேரமும் சேர்ந்து கலந்துவிட்டன.

இனி உங்கள் நேர்கோட்டுக்கு வருவோம். 1.5 சதவீதக் கரைசல் 5 மி.லி.யில் 0.075 கிராம் பெராக்சைடு இருக்கிறது, அதாவது சுமார் 2.2 மில்லிமோல். இரண்டு மூலக்கூறு பெராக்சைடு சிதைந்தால் ஒரு மூலக்கூறு ஆக்சிஜன். ஆகவே அதிகபட்சம் 1.1 மில்லிமோல் ஆக்சிஜன். 25 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் வாயு சுமார் 24.5 லிட்டர் என்பதால் 27 மி.லி. அளவுசாடி 27-இல் நின்றது நொதி களைத்ததால் அல்ல, பெராக்சைடு தீர்ந்ததால். இதே கணக்கை 0.3, 0.6, 0.9, 1.2 சதவீதத்துக்கும் போட்டால் கடைசி அளவுகள் சுமாராக 5.4, 10.8, 16.2, 21.6 மி.லி. என வரும். எல்லாவற்றையும் 180-ஆல் வகுத்தால் 0.03, 0.06, 0.09, 0.12, 0.15. துல்லியமான நேர்கோடு. நீங்கள் வரைந்தது, எவ்வளவு பெராக்சைடு ஊற்றினீர்களோ அதன் வரைபடம். நொதியைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை. ஈஸ்டுக்குப் பதில் வேறு எந்த வினையூக்கியைப் போட்டிருந்தாலும், மூன்று நிமிடத்துக்குள் வினை முடிந்திருந்தால் இதே கோடுதான் வந்திருக்கும்.

இதே தவறை நொதியின் அளவை மாற்றும் சோதனையில் செய்தால் நேர்கோடு சாய்ந்து நிற்காது, படுத்துக்கொள்ளும். பெராக்சைடு எல்லாக் குழாயிலும் ஒன்றே என்பதால் கடைசி வாயுவும் ஒன்றே. அதைப் பார்த்து ‘நொதியின் அளவு வேகத்தைப் பாதிப்பதில்லை’ என்று முடிவு எழுதும் அறிக்கைகள் உண்டு. முடிவு முற்றிலும் தவறு, ஆனால் அளவீடு சரி. அளவிட்டதிலிருந்து எடுத்த எண்தான் தவறானது.

கடைசிக் கனஅளவுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அவை நல்ல சரிபார்ப்பு. கணக்கிட்ட 27 மி.லி.க்கு மிகக் குறைவாக வந்தால் எங்கோ வாயு கசிகிறது, அல்லது பெராக்சைடு பழசாகிச் செறிவு குறைந்திருக்கிறது, அல்லது வினை இன்னும் முடியவில்லை. பெராக்சைடு பாட்டிலுக்குள்ளேயே மெல்லச் சிதைந்துகொண்டிருப்பது. திறந்து பல மாதமான பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் சதவீதத்தை நம்பக் கூடாது. கணக்கைவிட அதிகமாக வந்தால் பெரும்பாலும் அது குழாயிலிருந்து தள்ளப்பட்ட காற்று.

சரியான வேகம் எனப்படுவது தொடக்க வேகம். நேரம் சுழியில் கோட்டின் சாய்வு. ஏன் தொடக்கம் மட்டும்? அந்தக் கணத்தில்தான் செறிவு என்ன என்பது நமக்கு உறுதியாகத் தெரியும்: நாம் ஊற்றிய செறிவு. அதற்குப் பிறகு பெராக்சைடு குறைகிறது. பல நொதிகளில் விளைபொருளே நொதியைத் தடுக்கிறது. ஈஸ்டில் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி அந்தப் பெராக்சைடாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கிறது. 1913-இல் மைக்கேலிஸும் மென்டனும் சர்க்கரையைச் சிதைக்கும் இன்வெர்ட்டேஸ் நொதியில் தங்கள் புகழ்பெற்ற வேலையைச் செய்தபோது, அமிலத்தன்மையை நிலைநிறுத்திக்கொண்டு தொடக்க வேகத்தை அளந்ததற்குக் காரணம் இதுதான். பாடநூலில் வளைந்து படுக்கும் அந்தக் கோட்டின் குத்து அச்சில் இருப்பது தொடக்க வேகம். சராசரி வேகத்தை அங்கே வைத்தால் அந்தக் கோடு வராது, வரவும் கூடாது.

சாய்வை எடுக்கும் முறை இப்படி. நேரம்–வாயு வரைபடத்தில் புள்ளிகளைச் சிறிய பெருக்கல் குறியால் குறித்து, அவற்றின் ஊடாக மென்மையான வளைகோடு வரையுங்கள். தொடக்கத்தில் கோடு நேராக இருக்கும் பகுதியின் மேல் ஸ்கேலை வைத்து, அந்த நேர்ப்பகுதியை வரைபடத்தின் மேல் விளிம்புவரை நீட்டுங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அந்தத் தொடுகோடு 60 விநாடியில் 24 மி.லி.யைத் தொடும். 24-ஐ 60-ஆல் வகுத்தால் 0.40. கோட்டை நீட்டி, தொலைவில் இருக்கும் புள்ளியைப் படிப்பது முக்கியம். 5 விநாடி அகலமுள்ள குட்டி முக்கோணத்தை வைத்துச் சாய்வு எடுத்தால், பென்சில் கோட்டின் தடிமனே பெரிய பிழையாகிவிடும். வளைகோட்டை அப்படியே தொடர்ந்து எடுத்துக்காட்டின் 60 விநாடிப் புள்ளியைப் பார்த்தால் அங்கே 20 மி.லி.தான் இருக்கிறது. தொடுகோட்டுக்கும் வளைகோட்டுக்கும் இடையிலுள்ள அந்த 4 மி.லி. இடைவெளி, வினை அதற்குள் எவ்வளவு மெதுவாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது.

தொடக்கம் என்பதால் தொடக்கத்தில் நடக்கும் கோளாறுகள் எல்லாம் இந்த எண்ணில் வந்து விழும். ரப்பர் அடைப்பானை அழுத்தும்போது குழாயிலிருக்கும் காற்று தள்ளப்பட்டு, வினை தொடங்குமுன்பே சாடியில் ஒன்றிரண்டு மி.லி. ஏறிவிடும். பெராக்சைடுக்குப் பதில் அதே அளவு தண்ணீரை வைத்து ஒருமுறை அடைப்பானைப் பொருத்திப் பாருங்கள். எவ்வளவு ஏறுகிறதோ அதை எல்லா அளவீட்டிலிருந்தும் கழிக்கலாம். இன்னும் நல்ல வழி, பெராக்சைடை ஊசிக்குழல் வழியாக, அடைப்பான் பொருத்திய பிறகு செலுத்துவது. அப்போதும் செலுத்திய திரவத்தின் கனஅளவுக்குச் சமமான காற்று வெளியேறும், ஆனால் அது எல்லா ஓட்டத்திலும், அதாவது சோதனையைச் செய்யும் ஒவ்வொரு முறையும், ஒரே அளவாக இருக்கும், எளிதாகக் கழித்துவிடலாம். இதற்கு எதிர்மாறான கோளாறும் உண்டு. ஆக்சிஜன் முதலில் நீரில் கரைகிறது, பிறகு குமிழாகிறது, பிறகுதான் குழாய் வழியே சாடிக்கு வருகிறது. எனவே முதல் சில விநாடி கோடு தயங்கி, பிறகு நிமிரும். இப்படி வந்தால் கோட்டை வலுக்கட்டாயமாகச் சுழிப் புள்ளி வழியே இழுக்காதீர்கள். தயக்கம் முடிந்தபின் வரும் மிகச் செங்குத்தான நேர்ப்பகுதியின் சாய்வை எடுங்கள், அப்படி எடுத்ததை அறிக்கையில் ஒரு வரியில் சொல்லுங்கள். குழாயைக் குலுக்கினால் குமிழ் வேகமாக வெளியேறும் என்பதால், குலுக்குவதாக இருந்தால் எல்லா ஓட்டத்திலும் ஒரேமாதிரி குலுக்க வேண்டும். ஈஸ்ட் அடியில் படியும் பொருள். ஒவ்வொரு முறை பிப்பெட்டில் உறிஞ்சுமுன்பும் கலக்காவிட்டால் முதல் குழாய்க்கும் ஐந்தாம் குழாய்க்கும் நொதியின் அளவே வேறாகிவிடும்.

இப்போது பெரும்பாலான வகுப்பறைச் சோதனைகள் சறுக்கும் இடம். 30 விநாடிக்கு ஒருமுறை மட்டும் அளந்திருந்தால், முதல் புள்ளியையே தொடக்க வேகமாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். 1.5 சதவீதத்தில் அது 11.1-ஐ 30-ஆல் வகுத்து 0.37. உண்மையான 0.40-க்கு எட்டு சதவீதம் குறைவு, பொறுத்துக்கொள்ளலாம். 0.3 சதவீதத்தில் என்ன ஆகும்? என் எடுத்துக்காட்டில் அங்கே தொடக்க வேகம் விநாடிக்கு 0.20 மி.லி., ஆனால் மொத்தமே 5.4 மி.லி.தான் வர முடியும். 30 விநாடியில் 4 மி.லி. வந்துவிடுகிறது, பெராக்சைடில் முக்கால் பங்கு போய்விட்டது. 4-ஐ 30-ஆல் வகுத்தால் 0.13. மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக, ஒரே கால இடைவெளியில் அளந்தாலும் எல்லாப் புள்ளிகளும் ஒரே விகிதத்தில் பிழையாவதில்லை. செறிவு குறைந்த புள்ளிகள் அதிகம் கீழே இறங்குகின்றன, செறிவு கூடியவை கொஞ்சமாக. விளைவாக வளைவு குறைந்து, கோடு நேர்கோட்டை நோக்கிப் போகிறது. தளப்பொருளில், அதாவது நொதி சிதைக்கும் பொருளில் (இங்கே பெராக்சைடு), பத்து சதவீதத்துக்கு மேல் செலவாகாத காலத்தில் அளப்பது என்பது நொதிச் சோதனைகளில் வழக்கமான வரம்பு. வகுப்பறையில் இருபதுவரை போனாலும் படத்தின் வடிவம் பெரிதாகக் கெடாது.

அப்படியானால் 5 விநாடியிலேயே படித்துவிடலாமே என்றால், அங்கே வேறொரு பிழை காத்திருக்கிறது. 50 மி.லி. சாடியை அரை மி.லி. துல்லியத்துக்கு மேல் படிக்க முடியாது. 0.3 சதவீதத்தில் 10 விநாடியில் வருவதே 1.8 மி.லி.; அதில் அரை மி.லி. பிழை என்றால் கால்பங்குக்கும் மேல். சீக்கிரம் படித்தால் சாடியின் பிழை, தாமதமாகப் படித்தால் வளைவின் பிழை. இரண்டுக்கும் நடுவிலிருந்து தப்ப மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றையும் சேர்த்தே செய்யலாம். ஈஸ்ட் கலவையை நீர்த்துப்போகச் செய்யுங்கள்: நொதியைப் பாதியாக்கினால் அதே வினைக்கு இரு மடங்கு நேரம் ஆகும், நேர்ப்பகுதி இரு மடங்கு நீளும். பெராக்சைடின் கனஅளவைக் கூட்டுங்கள்: 5 மி.லி.க்குப் பதில் 20 மி.லி. எடுத்து, ஈஸ்ட் கலவையையும் அதே விகிதத்தில் கூட்டினால் வாயு நான்கு மடங்கு வரும். அகலமான சாடிக்குப் பதில், நீரில் கவிழ்த்த ப்யூரெட் போன்ற ஒடுங்கிய குழாயைப் பயன்படுத்துங்கள், 0.1 மி.லி. கோடுகள் உள்ள ப்யூரெட் அரை மி.லி. பிழையை 0.05-க்குக் கொண்டுவரும். கைபேசியை நிறுத்தி வைத்துச் சாடியையும் கடிகாரத்தையும் ஒரே சட்டத்தில் வீடியோ எடுத்தால், 5 விநாடிக்கு ஒருமுறை நிதானமாகப் பிறகு படித்துக்கொள்ளலாம். இவற்றில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் நொதியை நீர்க்கச் செய்யுங்கள். செலவே இல்லாதது, பலன் மிக அதிகம்.

வெப்பத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெராக்சைடு சிதைவது வெப்பத்தை உமிழும் வினை, மோலுக்கு நூறு கிலோ ஜூலுக்குச் சற்றே குறைவு. 2.2 மில்லிமோல் முழுதும் சிதைந்தால் சுமார் 210 ஜூல். 10 மி.லி. நீரை அது 5 டிகிரி சூடாக்கப் போதும். 3 சதவீதக் கரைசல் என்றால் 10 டிகிரி. ஆக, செறிவை மட்டும் மாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வெப்பநிலையும் கூடவே மாறுகிறது. சோதனைக்குழாயை ஒரு பெரிய பீக்கர் நீரில் நிறுத்தினால் இது பெருமளவு அடங்கும். தொடக்கச் சாய்வை எடுப்பதால் இந்தப் பிழை தானாகவே குறைவது இன்னொரு நன்மை; குழாய் சூடாவதற்குள் அளவீடு முடிந்துவிடுகிறது.

இரண்டாம் வரைபடம் வரைவதில் குழப்பம் குறைவு. நீங்கள் மாற்றியது, அதாவது செறிவு, கிடை அச்சில். நீங்கள் அளந்தது, அதாவது தொடக்க வேகம், குத்து அச்சில். அச்சுகளில் பெயரும் அலகும் வேண்டும்: ‘தொடக்க வேகம், மி.லி. ஆக்சிஜன்/விநாடி’. செறிவு என்பது பாட்டிலில் இருந்த செறிவு அல்ல, கலந்தபின் இருக்கும் செறிவு. 5 மி.லி. பெராக்சைடும் 5 மி.லி. ஈஸ்ட் கலவையும் சேர்ந்தால் 1.5 சதவீதம் 0.75 ஆகிவிடும். வடிவம் இதனால் மாறாது, ஆனால் கே-எம் எடுத்தால் அது இரு மடங்கு தப்பாக வரும். கட்டத்தாளில் அளவுத்திட்டம் 1, 2, 5 என்ற எண்களின் மடங்காக இருக்கட்டும். ஒரு பெரிய கட்டத்துக்கு 3 அல்லது 7 என்று வைத்தால் இடைப்பட்ட புள்ளிகளைத் தவறாகக் குறிப்பது நிச்சயம். கணினியில் வரைவதானால் ஸ்கேட்டர் வகையைத் தேர்ந்தெடுங்கள். லைன் வகை வரைபடம் கிடை அச்சின் எண்களை வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் வைத்துவிடும். 30, 60, 90, 120, 180 என்ற நேரங்களில் கடைசி இடைவெளி மட்டும் இரு மடங்கு என்பது அதற்குத் தெரியாது. டிரெண்ட்லைன் போட்டால் நேர்ப்பகுதிப் புள்ளிகளுக்கு மட்டும் போடுங்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் பாலினாமியல் கோடு போட்டால் அழகாகப் பொருந்தும்; ஆனால் அது கடைசியில் கீழே வளையும், அதாவது வெளிவந்த ஆக்சிஜன் திரும்பி உள்ளே போவதாகக் காட்டும்.

ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று முறை செய்திருந்தால், மூன்று ஓட்டங்களுக்கும் தனித்தனியே சாய்வு எடுத்து, பிறகு சாய்வுகளைச் சராசரியாக்குங்கள். வாயு அளவுகளை முதலிலேயே சராசரியாக்கிவிட்டால் ஓட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு மறைந்துபோகும். பிழைக் கோடுகள் எதைக் குறிக்கின்றன என்பதைப் படத்தின் கீழே எழுதுங்கள். மூன்றே அளவீடு என்றால் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் போதும். ஒத்துப்போகாத புள்ளியை அழிக்க வேண்டாம். வட்டமிட்டு, கோட்டில் சேர்க்கவில்லை என்று சொல்லி, காரணம் தெரிந்தால் காரணத்தையும் எழுதுங்கள்.

புள்ளிகளை இணைப்பதில் ஒரே விதி கிடையாது. செறிவு வரைபடத்தில் வளைகோடு வரைவதற்கு நியாயம் இருக்கிறது, அதன் பின்னால் கோட்பாடு இருக்கிறது. பெராக்சைடே இல்லாவிட்டால் ஆக்சிஜன் வராது என்பதால் சுழியையும் ஒரு புள்ளியாக வைக்கலாம். வெப்பநிலை வரைபடத்தில் அந்தச் சலுகை இல்லை. 20, 30, 40, 50, 60 டிகிரியில் அளந்து, 40-இல் அதிக வேகம் வந்தால், 37-இல் உச்சம் இருப்பதுபோல அழகிய மலை வடிவம் வரைவது அளக்காத ஒன்றைச் சொல்வது. அங்கே புள்ளிகளை ஸ்கேலால் நேராக இணைத்து, ‘உச்சம் 30-க்கும் 50-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது’ என்று எழுதுவதே உண்மை. இன்னும் நெருக்கமாகத் தெரிய வேண்டுமானால் 35, 45 டிகிரியிலும் அளக்க வேண்டும். சில தேர்வுமுறைகள் இரண்டு வகை இணைப்பையும் ஏற்கின்றன, சில ஒன்றைத்தான் கேட்கின்றன; உங்கள் ஆய்வகக் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள். எதில் வரைந்தாலும் கடைசிப் புள்ளியைத் தாண்டிக் கோட்டை நீட்டாதீர்கள். ஈஸ்ட், உருளைக்கிழங்கு, ஈரல் என்று மூலத்தை மாற்றிப் பார்த்தால் மட்டும் பட்டை வரைபடம். அவற்றுக்கு இடையில் தொடர்ச்சி எதுவும் இல்லை.

அமைலேஸ்–அயோடின் சோதனை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சிதைத்து, அயோடினோடு அது தரும் நீலநிறம் மறையும் நேரத்தை அளந்து, ஒன்றை அந்த நேரத்தால் வகுத்து ஒப்பு வேகம் என்கிறோம். அது ஏற்கத்தக்கதே. ஆனால் 30 விநாடிக்கு ஒரு துளி எடுத்தால், ‘60 விநாடி’ என்று எழுதியது உண்மையில் 30-க்கும் 60-க்கும் இடையில் எங்கோ. வேகமாக மாற்றினால் 0.033-க்கும் 0.017-க்கும் இடையில்; இரு மடங்கு வேறுபாடு. வரைபடத்தின் உச்சிதான் மிக நம்பத்தகாத இடம் என்று பொருள். பத்து நிமிடமாகியும் நிறம் மாறாத குழாய்க்கு 1/600 என்று போடக் கூடாது. அதைவிடக் குறைவு என்று மட்டுமே சொல்லலாம்.

கடைசியாக கே-எம். தொடக்க வேகங்கள் சரியாக இருந்தால் என் எடுத்துக்காட்டில் 0.20, 0.29, 0.34, 0.38, 0.40 என்று வரும். ஏறி வளையத் தொடங்கும் கோடு. இதிலிருந்து உச்ச வேகம் விநாடிக்கு 0.53 மி.லி.; அதில் பாதி வேகம் கிடைக்கும் செறிவுதான் கே-எம், இங்கே ஊற்றிய கரைசலின் கணக்கில் 0.5 சதவீதம், கலவையின் கணக்கில் 0.25 சதவீதம், அதாவது லிட்டருக்குச் சுமார் 74 மில்லிமோல். கோடு 0.40-இல் முடிகிறது என்பதற்காக 0.40-ஐ உச்ச வேகமாக எடுத்துவிடக் கூடாது, அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. 1934-இல் லைன்வீவரும் பர்க்கும் முன்வைத்த தலைகீழ் வரைபடம், அதாவது ஒன்றின் கீழ் வேகத்தை ஒன்றின் கீழ் செறிவுக்கு எதிரே வரைவது, இந்த நீட்டலை ஸ்கேலால் செய்ய உதவுகிறது. ஆனால் அது மிகச் சிறிய செறிவின் புள்ளியைக் கோட்டின் கடைக்கோடிக்குத் தள்ளி, அதற்கே அதிக அதிகாரம் கொடுக்கிறது. அதுவோ நம் மோசமான புள்ளி. மேலே பார்த்த 30 விநாடி அளவீட்டுப் பிழையை மட்டும் வைத்து, இரண்டு கோடிப் புள்ளிகளை இணைத்துக் கணக்கிட்டால், கே-எம் 0.5-க்குப் பதில் 1.2 சதவீதமாகிவிடுகிறது. ஸ்ப்ரெட்ஷீட்டின் சால்வர் வசதியால் வளைகோட்டையே நேரடியாகப் பொருத்துவது மேல். தலைகீழ் வரைபடத்தைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது? கடைசி வாயுவை மொத்த நேரத்தால் வகுத்தது தவறு என்பதும், தொடக்கச் சாய்வு வேண்டும் என்பதும் உறுதி. தொடக்கச் சாய்வை எடுத்தபின் உங்கள் கோடு பாடநூல் போல வளையும் என்பது உறுதியல்ல. கேட்டலேஸ் இந்தச் சோதனைக்கு எளிதான நொதியே தவிர, மைக்கேலிஸ்–மென்டன் கோட்பாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு அல்ல. பெராக்சைடு செறிவு உயர்ந்தாலும் அது எளிதில் நிறைவடைவதில்லை, அதாவது வேகம் எளிதில் உச்சத்தை எட்டிப் படுப்பதில்லை, மிக உயர்ந்தால் பெராக்சைடே அதைக் கெடுக்கிறது. ஆகவே சரியாகவே அளந்தாலும் குறைந்த செறிவுகளில் நேர்கோடும், அதிகச் செறிவில் சரிவும் வரக்கூடும். போதாததற்கு, நீங்கள் பயன்படுத்தியது முழு ஈஸ்ட் செல்கள். பெராக்சைடு செல்லுக்குள் நுழையும் வேகமும் இந்த எண்ணில் சேர்ந்திருக்கிறது. எனவே கிடைப்பதை ‘இந்த நிலைமைகளில் தோற்ற கே-எம்’ என்று எழுதுங்கள், நூல்களில் தூய நொதிக்குத் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு மதிப்பிட வேண்டாம்.

உங்கள் குறிப்பேட்டில் இடைப்பட்ட அளவீடுகள் இருந்தால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ஐந்து கோடுகளையும் ஒரே கட்டத்தாளில் வரைந்து, ஐந்து தொடுகோடுகளை எடுத்தால் இன்று மாலையே இரண்டாம் வரைபடம் தயாராகிவிடும். 30 விநாடி இடைவெளியில்தான் அளந்தீர்கள் என்றால் 0.3, 0.6 சதவீதப் புள்ளிகளை மட்டும், ஈஸ்டை நான்கில் ஒரு பங்காக நீர்த்து, 10 விநாடிக்கு ஒருமுறை படித்துத் திரும்பச் செய்யுங்கள். ஆனால் நீர்த்த ஈஸ்டில் எடுத்த வேகத்தை நீர்க்காத ஈஸ்டில் எடுத்தவற்றோடு ஒரே கோட்டில் வைக்க முடியாது, 1.5 சதவீதத்தையும் அதே நீர்த்த கலவையில் ஒருமுறை அளந்து, இரண்டு 1.5 வேகங்களின் விகிதத்தை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாம் நிமிட முடிவில் மட்டும் ஒரே ஒரு அளவை எழுதியிருந்தால், அந்த எண்களிலிருந்து வேகத்தை எடுக்க எந்த வழியும் இல்லை; ஐந்து செறிவையும் முதலிலிருந்து அளக்கத்தான் வேண்டும்.